உப்புத் தண்ணீரை ஊற்றி இன்ஜினைக் கெடுக்கிறார்கள்

"கூலன்ட் எல்லாம் பனி கொட்டுகிற ஊருக்குத்தான் சார். நம் வெயிலுக்குப் பச்சைத் தண்ணீரே போதும்." ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவமான கூலன்டைப் பற்றி இப்படிச் சொல்லாத மெக்கானிக்கை எங்கள் வட்டாரத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. சொல்வதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. பேச்சோடு பேச்சாகக் குழாயை இழுத்து, போர் தண்ணீரை ரேடியேட்டரில் நிரப்பியும் விடுகிறார்கள். வாயில் வைக்க முடியாத தண்ணீர், சோப்புப் போட்டால் நுரை வராத தண்ணீர். லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய வண்டியின் இன்ஜினுக்குள் அதை ஊற்றுகிறார்கள். வயிறு எரிகிறது.

நான் வாங்கியது பழைய டீசல் கார். முதல் உரிமையாளர் பொறுப்பானவர். சர்வீஸ் பில்களை ஒன்றுவிடாமல் கோப்பில் போட்டுக் கொடுத்தார். ஏறக்குறைய எல்லா பில்லிலும் கூலன்டுக்குத் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். வாசலில் நிறுத்தி, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தேன். செம்மண் கரைசல்போல இறங்கியது. பேசினின் அடியில் துருத்தூளும் வெள்ளைச் செதில்களும் தங்கின. கூலன்ட் என்று சொல்ல ஒரு சாயல்கூட இல்லை. பில்லில் கூலன்ட், வண்டியில் போர் தண்ணீர்! பச்சைத் திருட்டு.

பனிக்கு மட்டும்தான் என்கிறார்களே, கூலன்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால் உறைநிலையைக் குறைப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது என்பது இவர்களுக்குத் தெரியாதா? தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரண அழுத்தத்திலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தமும் சேர்ந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டும். சித்திரை வெயிலில், ஏசி ஓட, நெரிசலில் ஊர்கிற வண்டிக்கு இது தேவைப்படாமல் வேறு எதற்குத் தேவைப்படும்? அதைவிட முக்கியம், கூலன்டில் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். என் வண்டியில் இன்ஜினின் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு. அதன் மேல் உட்காரும் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். இவற்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் அரிக்காமல் என்ன செய்யும்? கீசரின் கம்பியில் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கிறது. வண்டி சூடாகும், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். தண்ணீர் ஊற்றிய அதே ஆள் ஹெட்டை இறக்கிப் பெரிய பில் போடுவார்.

இதையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது? மேல் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வால்வு இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. அந்தச் சின்ன வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. இன்ஜின் சூடேறி 82 அல்லது 88 டிகிரியைத் தொடும்போது மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டை எட்டவே நெடுநேரம் ஆகும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஆயில் சரியாகச் சூடேறாது, தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் இதே வால்வுதான். அங்கே இது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும், வண்டி இன்னும் அதிகமாகச் சூடாகும். அடைத்துப்போன ரேடியேட்டரைச் சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு, குற்றமே செய்யாத வால்வைப் பிடுங்குகிறார்கள். பிடுங்கியதை உரிமையாளரிடம் சொல்வதுகூட இல்லை.

சரி, நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கினால் காரைத் தயாரித்தவர்கள் வழிமறிக்கிறார்கள். அடித் திருகை அடையவே கீழேயுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்ற வேண்டும். கிளிப்புகள் தொட்டால் உடைகின்றன. திருகும் பிளாஸ்டிக், கொஞ்சம் அழுத்தினால் காது முறிகிறது. பல வருடம் சூட்டில் வேகப்போகிற இடத்தில் இப்படி ஒன்றைப் பொருத்த எப்படி மனம் வந்தது?

ரேடியேட்டரைத் திறந்தால் மொத்தமும் வெளியேறிவிடாது. ஒரு பங்கு பிளாக்கிலும் ஹீட்டரிலும் நின்றுவிடும். அதனால்தான் ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் வைத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஓட்டி, ஆறவிட்டு, இறக்கி, தெளிவாக வரும்வரை இதையே செய்ய வேண்டும். கடைசியாக ஊற்றிய தண்ணீரும் உள்ளே நிற்கும். அதன்மேல் ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் கூலன்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவில் பாதி அளவுக்குத் தண்ணீர் கலக்காத அடர் கூலன்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புவதுதான் சரி. எந்தக் கடைக்காரராவது இதைச் சொல்கிறாரா? "பச்சையா, சிவப்பா?" என்று மட்டும் கேட்கிறார். நிறத்தை வைத்துத் தரம் பிரிக்க எந்தப் பொது விதியும் கிடையாது. கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். வகை மாற்றிக் கலந்தால் தடுப்பான்கள் வலுவிழக்கும், சிலவேளை கூழாகித் திரளும்.

நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்றை வெளியேற்றவும் பட்டறைகளில் யாருக்கும் பொறுமை இல்லை. வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஆறிய நிலையில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சூடேறிக் குமிழிகள் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர்களோ ஊற்றியதும் மூடிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார்கள். காற்று ஹெட்டில் சிக்கி வண்டி சூடானால் நமக்குத்தானே நஷ்டம்!

இப்போது எங்கள் வீட்டில், இறக்கிய கழிவு கேனில் மூடிக்கிடக்கிறது. என் வண்டியில் பெயருக்குக்கூடக் கூலன்ட் இல்லை போலிருக்கிறது. ஆனாலும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. தேங்கியதை நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும், குழந்தை குடித்தாலும் அதே ஆபத்துதான். துளி இருந்தாலும் தெருவில் விட எனக்கு மனமில்லை. எங்கே ஒப்படைப்பது என்று கேட்ட பட்டறைகளிலெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "சாக்கடையில் ஊற்றுங்கள் சார், நாங்களும் அங்கேதான் ஊற்றுகிறோம்."