உயரமான பெடியனைத் தேடுவதை நிறுத்துவோம்

கிளிநொச்சிப் பக்கம் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி வருகிறேன். புதுப் பெடியன் ஒருவன் திடலுக்கு வந்தால், மதிலோடு நின்று பார்க்கும் பெரியவர்கள் முதலில் பார்ப்பது அவனுடைய உயரத்தைத்தான். ஆறடிக்குக் கிட்ட நின்றால் முகம் மலர்ந்துவிடும். "இவனை ரிங்குக்குக் கீழ விடுங்கோ சேர், மற்றவங்கள் பந்தை மேல போட்டால் காணும்" என்பார்கள். ஐந்தடி நாலு என்றால், "கெட்டிக்காரன்தான், ஆனா வளரேல்லையே" என்று இழுப்பார்கள். அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இந்தப் பேச்சு எங்கள் வன்னிக் கூடைப்பந்தைப் பின்னுக்கு இழுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பெரிய பாடசாலைகளோடு விளையாடப் போகும்போது நடப்பதைப் பாருங்கள். பந்து உயரமான பெடியனிடம் போகிறது. அவனை இரண்டு பேர் மறிக்கிறார்கள். எங்கள் மற்ற நான்கு பேரும் உதவிக்கு என்று கிட்டப் போகிறார்கள். அவர்கள் போனால் அவர்களை மறிக்கிறவர்களும் கூடவே வருவார்கள். கடைசியில் வளையத்தடியில் பத்துப் பேர், தேர் வடம் பிடிக்கிற இடம் போல நெரிசல். உயரமான பெடியனுக்குப் பந்தோடு திரும்பவே இடமில்லை. தோற்றுவிட்டு வந்து, "அவங்கள் உயரம், என்ன செய்யிறது" என்கிறோம். நெரிசலை உண்டாக்கியது நாங்கள் தான் என்பதை யாரும் பேசுவதில்லை.

இரவில் நேரம் கிடைக்கும்போது யூடியூபில் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் ஆட்டங்களைப் பார்ப்பேன். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான என்பிஏயை விட எனக்கு அதில்தான் படிக்க அதிகம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஆடுகிறவர்களும் மாணவர்கள். பழைய முறையை விட்டு வெளியே வர அவர்களும் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். 1982 இல் வட கரோலினாவும் வேர்ஜினியாவும் ஆடிய ஒரு இறுதியாட்டம் 47க்கு 45 என்று முடிந்தது. ஷூட் பண்ண நேரக் கட்டுப்பாடு இல்லாததால் பந்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். பிறகு ஆண்கள் ஆட்டத்துக்கு 1985 இல் 45 செக்கன் வந்தது, 1993 இல் 35 ஆனது, 2015 இல் 30 ஆனது. மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி) 1986 இல் 6.02 மீற்றரில் வந்து, 2008 இல் 6.32க்கும் 2019 இல் 6.75க்கும் நகர்ந்தது. விதி மாற மாற, முப்பது வருடம் பழக்கிய பயிற்றுநர்களும் தங்கள் கொப்பிகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

அப்படித் திருத்தி எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் வில்லனோவா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராக இருந்த ஜே ரைட். அவருடைய 2018 அணியை இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அரையிறுதியில் கன்சாஸுக்கு எதிராக 18 மூன்று புள்ளிகள் போட்டார்கள், இறுதியில் மிச்சிகனை 79க்கு 62 என்று வென்றார்கள். எல்லோரும் பேசுவது அந்த 18ஐப் பற்றி. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த அணியின் பெரிய உருவம் ஓமாரி ஸ்பெல்மன் வெளியே நின்று ஷூட் பண்ணினார். பந்தைக் கொண்டுவருகிற ஜேலன் பிரன்சன் உள்ளே போய், தன்னை மறிக்கிறவருக்கு முதுகைக் கொடுத்து வளையத்தடியில் ஆடினார். பெரியவர் வெளியே, சின்னவர் உள்ளே! எதிரணியின் நெட்டையன் ஸ்பெல்மனைத் தேடி வெளியே வர வேண்டியிருந்தது, அதனால் உள்ளே இடம் வெளித்தது. எங்கள் மதிலோர ஆலோசகர்கள் சொல்வதற்கு நேரெதிர்.

இதைச் சொன்னவுடன் சில இளம் பயிற்றுநர்கள் மறுபக்கத்துக்கு ஓடிவிடுகிறார்கள். "சரி, அப்ப எல்லாரும் தூர நிண்டு எறிவம்" என்று. அதுவும் எங்களுக்குச் சரிவராது. கணக்கைப் பாருங்கள். கிட்டப் போய்ப் போடும் லேயப் பத்தில் ஆறு விழுந்தால் 12 புள்ளி. நடுத்தூரத்தில் நின்று பத்தில் நாலு விழுந்தால் 8. மூன்று புள்ளி பத்தில் மூன்று விழுந்தால் 9, இரண்டுதான் விழுந்தால் வெறும் 6. கல்லூரி அணிகள் நடுத்தூர ஷூட்டைக் குறைத்ததற்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான். ஆனால் அவர்களுக்குக் கூரையுள்ள அரங்கம் இருக்கிறது. எங்களுடையது திறந்த சீமெந்துத் திடல். ஓகஸ்டில் சோளகம் அடிக்கும்போது மூலையிலிருந்து எறிகிற பந்து வளையத்தைத் தொடாமலே போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு லாபம் லேயப்பில்தான். ஐந்து பேரும் அகன்று நிற்பதே அந்த லேயப்புக்கு வழி திறக்கத்தான்.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடம் 1996 இல் நடந்த ஒரு ஆட்டம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், முந்தைய வருடம் கிண்ணம் வென்ற யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை 43க்கு 41 என்று தோற்கடித்தது. பிரின்ஸ்டனிடம் பறக்கிற ஆட்கள் இல்லை. அவர்களின் பயிற்றுநர் பீட் கரில் ஐந்து பேரையும் வளையத்தை விட்டு வெளியே எடுத்துவிடுவார். மறிக்கிறவன் பந்தைப் பறிக்கும் ஆசையில் ஒரு அடி முன்னுக்கு வைத்தால், அந்த அடிக்குப் பின்னால் வெட்டி உள்ளே ஓடு, பந்து உனக்கு வரும். வெற்றியைத் தந்த கடைசிக் கூடையும் அப்படி ஒரு பின்வெட்டில் வந்த லேயப்தான். இன்றைய நவீன ஆட்டம் என்கிறார்களே, அதன் வேர் இதில் இருக்கிறது. உயரமில்லாத அணிக்கென்றே யோசித்த மாதிரி ஒரு ஆட்டம். இத்தனை காலமும் இது எங்கள் திடல்களுக்கு வராமல் போனது எனக்கு உண்மையில் வருத்தம்.

திடலில் நான் இப்போது செய்வது இவ்வளவுதான். சோக்கால் ஐந்து வட்டம் கீறுவேன்: இரண்டு மூலை, இரண்டு பக்கம், உச்சியில் ஒன்று. ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தால், மூலையில் மறிப்பவனுக்கு இரண்டே வழி. உதவிக்கு வந்தால் மூலையில் நிற்பவன் வெளிக்கிறான், வராவிட்டால் லேயப். பாய்ந்தவன் அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நான் வெளியே நின்று "பாஸ் குடு, பாஸ் குடு" என்று கத்தினால் அவனுடைய கண் என்னிடம் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்த பயிற்சி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு அதிசயம் கண்டேன். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் வலைப்பந்து நன்றாக வேரூன்றிய விளையாட்டு. வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று செக்கனுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதில் பழகிய பிள்ளைகள் பந்து கைக்கு வருமுன்பே அடுத்தது யார் என்று பார்த்து வைத்திருப்பார்கள். கொடுத்தவுடன் நிற்காமல் வெளியான இடத்துக்கு ஓடுவார்கள். காலை வைத்துத் திரும்புவதிலும் தடுமாற்றம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் சொல்லியும் வராத பழக்கம் இவர்களுக்கு முதல் வாரத்திலேயே இருந்தது. "நீங்கள் நெட்போல்காரர், டிரிப்ளிங் தெரியாது" என்று ஒதுக்காமல், அந்தப் பழக்கத்தின் மேல் கட்டினால் வன்னியிலிருந்து நல்ல பெண்கள் அணி ஒன்று வரும். நான் நம்புகிறேன்.

(உயரத்தின் மேலான ஆசையும் ஓரளவு வலைப்பந்திலிருந்து வந்ததாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தின் நெட்டை வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடியதைப் பார்த்துப் பூரித்தவர்கள் நாங்கள். ஆனால் வலைப்பந்தில் மறிப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூடைப்பந்தில் மேலோடு ஒட்டி நிற்கலாம். தாக்கும் அணியில் ஒருவர் வளையத்தடிக் கட்டத்துக்குள் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கவும் கூடாது. அதனால் இங்கே உயரம் மட்டும் காணாது.)

அமெரிக்கக் கல்லூரியிலிருந்து அப்படியே கொப்பி அடிக்கக் கூடாததும் இருக்கிறது. அங்கே ஆண்களுக்கு 30 செக்கன், இங்கே சர்வதேச விதிப்படி 24. பழைய பயிற்சிப் புத்தகங்கள் பல 35 செக்கன் காலத்தவை. நாலு ஸ்கிரீன் (மறிக்கிறவனின் வழியில் நின்று அவனைத் தடுப்பது) வைத்து, ஆறு பாஸ் கொடுத்து முடிகிற திட்டம் எங்கள் பிள்ளைகளின் கையில் பாதியிலேயே நேரம் முடிந்து நிற்கும். அங்கேயே இப்போது நீண்ட திட்டங்கள் குறைகின்றன. 2021 இல் வீரர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று விதி வந்தபின், ஒவ்வொரு வருடமும் அணியின் பெரும்பகுதி புதிதாகிவிடுகிறது. நாற்பது திட்டத்தை யாருக்குப் பழக்குவது? எங்களுக்கும் அதே நிலைதான், காரணம் மட்டும் வேறு. சாதாரண தரப் பரீட்சை வந்தால் பாதிப் பேர் இல்லை, உயர்தரம் வந்தால் மிச்சப் பேரும் இல்லை. மாரி தொடங்கினால் திடலே இல்லை. நாலைந்து பழக்கத்தை மட்டும் ஆழமாகப் பழக்கினால், திரும்பி வரும் பிள்ளை ஒரு பின்னேரத்தில் அணியோடு சேர்ந்துவிடும்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுப்போட்டியில், மூலையில் தனியாக நின்ற ஒரு பெடியன் ஷூட் பண்ணினான், விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. நான் அவனை வெளியே எடுத்து எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். அவன் செய்தது சரியான முடிவு. அவனை விட வெளியாக யாரும் நிற்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் அதன்பிறகு ஒரு பந்தும் எறியவில்லை, வந்த பந்தைச் சுடுகிற சட்டி மாதிரி அடுத்தவனிடம் தள்ளிவிட்டான். அடுத்த வருடம் வரவே இல்லை. பயிற்றுநர் மாறாமல் ஆட்டம் மாறாது என்பதை அவனிடம்தான் படித்தேன்.

கடைசியாகக் கோடு. எங்கள் திடலில் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீற்றரில் இருந்தது. வளையத்தடிக் கட்டமும் கீழே அகன்ற பழைய வடிவம். சர்வதேச விதி 2010 இலேயே மாறி, கோடு 6.75க்குப் போய், கட்டம் நீள்சதுரமாகிவிட்டது. பிள்ளைகள் பழைய கோட்டில் பழகிவிட்டு வெளியூர் போய் எறிந்தால் பந்து குறைந்துதான் விழும். கை பழகியது அரை மீற்றர் கிட்ட. நாங்களோ "பயத்தில கை நடுங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன ஓகஸ்ட் விடுமுறையில் கோட்டை நாங்களே மாற்றினோம். மேசன் ஒருவரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டை வளையத்தின் நடுவிலிருந்து இறக்கி, நிலத்தில் புள்ளி வைத்து, 6.75 மீற்றர் கயிற்றைப் பிடித்து வளைத்துக் கீறினோம். மூலைகளில் மட்டும் வளைவு இல்லை, பக்கக் கோட்டிலிருந்து 90 சென்ரிமீற்றர் உள்ளே நேர்க்கோடு. பிள்ளைகள்தான் பெயின்ட் அடித்தார்கள்.

அந்தக் கயிறு இன்னும் என்னிடம் இருக்கிறது, அளவெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் எந்தப் பக்கமானாலும் பழைய கோடுள்ள திடல் இருந்தால் கீழே எழுதுங்கள். வெள்ளைப் பெயின்ட் ஒரு டின்னும் இரண்டு பிரஷும் வாங்கி வையுங்கள், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் வருகிறேன்.