ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் அணையும் வண்டி

"இப்போ வர்ற பைக்கில் எல்லாம் நாம கையே வைக்க முடியாது" என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் சொன்னவன்தான். என் வண்டியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டிய பிறகு அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதியில் கோபம் இன்னும் கூடித்தான் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று அணையும். ஓரமாகத் தள்ளி நிறுத்திச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு. சர்வீஸில் ஸ்கேனர் மாட்டினார்கள். த்ராட்டில் சென்சார், இன்ஜின் காற்றழுத்த சென்சார் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கோளாறு என்று காட்டியது. "ரெண்டு சென்சாரும் சேர்ந்து போகாது சார், இசியூதான் போயிருக்கு, மாத்திடலாம்" என்றார்கள். இசியூ என்றால் இன்ஜினை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். அதை மாற்றினால் சாவிக்குள் இருக்கும் சிப்பையும் அதோடு மறுபடி பதிய வேண்டும். அந்த மென்பொருள் கம்பெனிக்காரர்களிடம் மட்டும்தான் உண்டு. வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஆனால் அவர்கள் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டும் சேர்ந்து போகாதுதான். அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது?

இந்த சென்சார்களுக்கு இசியூ 5 வோல்ட் கொடுக்கிறது. பல வண்டிகளில் அது ஒரே லைனாகக் கிளம்பி வழியில் கிளை பிரியும். சென்சாரிலிருந்து திரும்பி வரும் வோல்டேஜைத்தான் இசியூ பார்க்கிறது. அது வழக்கமான எல்லையைத் தாண்டினால் 'சென்சார் கோளாறு' என்று குறித்து வைத்துவிடும். போனது சென்சாரா, வயரா, இல்லை வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் களிம்பு பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

டேங்கைக் கழற்றினேன். கப்ளரின் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையை நுழைத்து சாவியைப் போட்டேன். 5.0. ஒவ்வொரு கப்ளராக ஆட்டிப் பார்த்தேன். 5.0. சலித்துப்போய், வெளிச்சம் மறைக்கிறதே என்று ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தேன். 0.2! வலது பக்கம் திருப்பினால் மறுபடி 5.0. இத்தனை நாளும் இடது திருப்பங்களில்தான் அணைந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஸ்டியரிங் கழுத்துக்குப் பின்னால் வயரிங் கட்டு சேஸிஸில் உரசி, மேலுறை கிழிந்து, உள்ளே ஒரே ஒரு வயரில் நகக்கண் அளவுக்குச் செம்பு மினுமினுத்தது. இடது பக்கம் திருப்பும்போது அது சேஸிஸைத் தொட்டு அந்த 5 வோல்ட்டையே விழுங்கியிருக்கிறது. சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினேன். அவ்வளவுதான் வேலை.

கார்பரேட்டர் காலத்து வண்டியிலும் இதே இடத்தில்தான் வயர் தேயும். அதனால்தான் சொல்கிறேன், எலெக்ட்ரானிக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். பாதி நோய் பழைய நோய்தான். முதலில் பேட்டரியைப் பாருங்கள்: சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 14 பக்கம் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10-க்கும் கீழே விழுந்தால் சம்பந்தமே இல்லாத விளக்குகளெல்லாம் எரியும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் லைனான, பெரிய பூதமாகச் சொல்லப்படும் கான் பஸ்ஸும் அப்படித்தான். 1986-ல் பாஷ் நிறுவனம் கார்களுக்காக அறிமுகப்படுத்திய அது, முறுக்கிய இரண்டே வயர். இரு முனையிலும் 120 ஓம். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் எங்கேயோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சாதாரண மீட்டரே போதும்.

சரி, கோபம் எங்கே? என் வண்டியில் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. எந்த நிற வயர் எங்கே போகிறது என்று சொல்லும் வயரிங் படத்தைத் தேடியதில்தான் மூன்று இரவு போனது. ஸ்கேனர் மாட்டும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காரில் 16 பின் சாக்கெட் எப்போதோ பொதுவாகிவிட்டது. பைக்கிலோ வெகுகாலம் கம்பெனிக்கு ஒரு வடிவம். ஐரோப்பாவில் 2020-ல் யூரோ 5 புகை விதி வந்த பிறகுதான் 6 பின் கப்ளர் பொதுவானது. அதிலும் பொது ஸ்கேனருக்குக் கிடைப்பது பெரும்பாலும் புகை சம்பந்தமான கோளாறுக் குறியீடுகள்தான். ஏபிஎஸ், சாவி, சர்வீஸ் ரீசெட் எல்லாம் பூட்டிய அறை.

எல்லாப் பூட்டும் தப்பு என்று சொல்ல மாட்டேன். சாவிப் பூட்டு திருடனுக்காக. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், பல வண்டிகளில் ஸ்கேனர் வழியாக உள்ளே இருக்கும் பம்பை ஓட்டித்தான் அதை வெளியேற்ற முடியும். பிரேக் விஷயத்தில் என் ஆர்வக்கோளாறை நானே நம்ப மாட்டேன், அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவேன். கார்பரேட்டருக்குத் திரும்பவும் எனக்கு ஆசை இல்லை. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் வயரிங் படத்தை மறைத்து வைத்தால் எந்தத் திருடன் ஏமாறப் போகிறான்?

போன வாரம் ஆயிலும் ஃபில்டரும் நானே மாற்றினேன். அரை மணி நேர வேலை. மீட்டரில் மட்டும் 'சர்வீஸ் செய்யவும்' என்று ஒரு ஸ்பேனர் படம் இன்னும் எரிகிறது. அதை அணைக்கக் கம்பெனி கருவி வேண்டுமாம். இப்போதைக்கு அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.