தகாகியா: வகை மாறிய வரலாற்றையும் சேர்த்திருக்கலாம்

தகாகியா என்னும் பாசியைப் (moss) பற்றி வெளியான கட்டுரை, அதனை இமயத்தைவிட மூத்தது என அறிமுகப்படுத்தியது பொருத்தமே; ஏறத்தாழ 39 கோடி ஆண்டுப் பழமையுள்ள மரபுவழி அது. ஆயினும் அதன் வகைப்பாட்டுக் குழப்பத்தைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. இமயமலையில் சேகரித்த மாதிரியைக் கொண்டு 1861-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் மிட்டன் இதனை விவரித்தபோது, பாசிகளுக்கு உறவான லிவர்வோர்ட் வகையாகவே கருதினார். அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில் கிடைத்த செடிகளில் வித்துப்பை (விதையல்ல, ஸ்போர் எனும் நுண்வித்துகள் உருவாகும் பை) தாங்கும் ஸ்போரோபைட் என்னும் பகுதி முதன்முறையாகக் காணப்பட்டு, அது 1993-இல் விவரிக்கப்பட்ட பிறகே இது பாசிதான் என்பது உறுதிப்பட்டது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஐயம் ஒரு சிறு வித்துப்பையால் தீர்ந்திருக்கிறது!

மற்றொன்று: 2023-இல் வெளியான ஆய்வு, கடும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் இச்செடியின் திபெத்தியத் திரள்கள் ஆண்டுக்குச் சுமார் 1.6 விழுக்காடு சுருங்கியதாகக் கூறுகிறது. வெப்பமாதலைக் குறிப்பிட்ட கட்டுரையில் இவ்வெண் இடம்பெற்றிருக்க வேண்டும்.