ஒரு அம்புக்குறி போட இத்தனை பாடா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து சென்னைக்காரர்களோடு போஸ்டர் வேலை செய்வதில் பெரிய பாடு வடிவமைப்பு இல்லை. "இந்த வரியைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்" என்று காட்டுவதுதான். இங்கே காலை 9 மணி என்றால் அங்கே 12.30. அவர்கள் சாப்பிட எழுவதற்குள் திரையைப் படம் பிடித்து, அம்பு போட்டு, அனுப்பியாக வேண்டும்.

அதற்கு ஒரு செயலி தேடினால் தலை சுற்றுகிறது. ஷேர்எக்ஸ் இலவசம், ஆனால் விண்டோஸுக்கு மட்டும். என்னிடம் இருப்பது மேக். ஓபிஎஸ் (OBS) என்ற திரைப்பதிவுச் செயலியை வைத்து நேரலையே நடத்தலாம். எனக்கு வேண்டியது ஒரு சிவப்பு வட்டம், சாமி!

சந்தாச் செயலி ஒன்று, தைப்பூசக் காவடி போஸ்டரை நான் வீடியோவில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, இலவச நேரம் முடிந்தது என்று வாயை அடைத்தது. கட்டணம் டாலரில்; எங்கள் ஊர்ப் பணமான ராண்டில் மாற்றிப் பார்த்தால் வயிறு எரிகிறது. இன்னொன்று, சுருக்குகிறேன் பேர்வழி என்று படத்தை ஜேபெக் ஆக்கி, வேலுக்குக் கீழிருந்த பொடி எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்காக்கியது. உடனே வாட்ஸப்பில், "எழுத்து ஏன் மங்கலா இருக்கு?" எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஸ்கிரீன்ஷாட்தான் மங்கல்! இதை விளக்க இன்னொரு ஸ்கிரீன்ஷாட்டா எடுப்பது?

அப்புறம் படத்தைப் பகிர இந்தச் செயலிகள் தரும் இணைப்பு (லிங்க்) விவகாரம். இன்னும் வெளிவராத வேலையை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். கடவுச்சொல் போட வேண்டுமா? சரி, அதற்கும் சந்தா கட்டு என்கிறது.