காக்கைக்கு வைத்த சோறு

காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்பதை நான் படித்த ஒரு கட்டுரை 'வெறும் மூடநம்பிக்கை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. வருவாரா மாட்டாரா என்பது இருக்கட்டும். அந்த நம்பிக்கையிலிருந்து என்ன பிறந்தது என்று பார்க்க வேண்டாமா?

சங்க நூலான குறுந்தொகையின் 210ஆம் பாட்டு. பொருள் தேடப் போன தலைவன் திரும்பி வருகிறான். 'நான் இல்லாதபோது தலைவியை நன்றாகத் தேற்றியிருந்தாய்' என்று அவளுடைய தோழியைப் பாராட்டுகிறான். தோழியோ பாராட்டைத் தூக்கிக் காக்கைக்குக் கொடுத்துவிடுகிறாள். வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்களுடைய பசுக்களின் நெய், தொண்டி என்ற ஊரில் விளைந்த வெண்ணெல் சோறு, அதை ஏழு கலத்தில் ஏந்தி வைத்தாலும் விருந்து வரக் கரைந்த காக்கைக்கு அது சிறிதுதானாம்! தலைவி எத்தனை நாள் வாசலைப் பார்த்திருப்பாள் என்று பாட்டில் ஒரு சொல் கிடையாது. சோற்றின் அளவே சொல்லிவிடுகிறது. பாடியவர் பெயரும் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே நின்றுவிட்டது.

பேத்திக்காகக் காக்கை ஒன்று வரைய உட்கார்ந்தேன். முழுக்கக் கறுப்பாகப் பூசிவிட்டேன். 'தாத்தா, கழுத்து சாம்பல் கலர்ல இருக்கும்' என்றாள். அறுபது வருஷமாக அமாவாசைக்கு அமாவாசை சோறு வைக்கிறவன், கழுத்தைப் பார்த்ததில்லை. (அண்டங்காக்கைதான் முழுக் கறுப்பு என்று சமாளித்தேன், எடுபடவில்லை.) இப்போது காலையில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறதே, அந்தச் சாய்வுதான் இன்னும் கைக்கு வரவில்லை.