ஹீட்டர் வாங்கி இரண்டு வருஷம் ஆனவர்களே, எங்கே போனீர்கள்?

"டெலிவரி சூப்பர். பேக்கிங் பக்கா. இன்னும் மாட்டலை. ஐந்து ஸ்டார்."

ஒரு வாட்டர் ஹீட்டருக்கு ஒருவர் எழுதியிருக்கும் விமர்சனம் இது. மொத்தமும் இவ்வளவுதான். இன்னும் சுவரில் ஏறாத, ஒரு வாளி வெந்நீர்கூடத் தராத பொருளுக்கு ஐந்து ஸ்டார்! கல்யாணப் பந்தியில் இலை போட்டதுமே எழுந்து "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி இருக்கிறது. இதைச் சிலர் "உதவியாக இருந்தது" என்று வேறு அழுத்தி மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டு ஹீட்டர் போய்விட்டது. புதிது வாங்கியாக வேண்டும். கோவையில் மார்கழிக் குளிரில், வயதானவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு, வெந்நீர் இல்லாமல் ஓட்ட முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உப்புத் தண்ணீரில் இந்த மாடல் எத்தனை வருஷம் தாங்கும்? தண்ணீரைச் சுட வைக்கும் எலிமென்ட் எப்போது போகும்? போனால் சர்வீஸுக்கு ஆள் வருவாரா, எவ்வளவு கேட்பார்? விமர்சனங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு புரட்டினாலும் இதற்குப் பதில் சொல்பவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தேறுகின்றன. மற்றதெல்லாம் "நைஸ்", "குட் ப்ராடக்ட்", "கலர் அழகா இருக்கு". பாத்ரூமில் தலைக்கு மேலே தொங்கும் பொருளின் கலரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஹீட்டர் விஷயத்தில் முதல் வார விமர்சனம் ஒன்றுக்கும் உதவாது. ஏனென்றால் முதல் வாரம் எல்லா ஹீட்டரும் நன்றாகத்தான் சுடும். 2 கிலோவாட் எலிமென்ட், 15 லிட்டர் தண்ணீர் என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இருபது நிமிஷத்தில் குளிக்கப் போதுமான சூடு வந்துவிடும். வித்தியாசம் தெரிவது அப்புறம்தான். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடு பட்டதும் பிரிந்து, எலிமென்ட் மேல் சுண்ணாம்பாகப் படியும். படிவு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்ட்டிலேயே தங்கும். தண்ணீர் சுட நேரம் பிடிக்கும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் ஒரு நாள் எலிமென்ட் வெடித்துவிடும்.

எங்கள் பழைய ஹீட்டரைக் கழற்றியபோது எலக்ட்ரீஷியன் உள்ளே இருந்ததை இழுத்துக் காட்டினார். எலிமென்ட் இருந்த இடமே தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளையும் பழுப்புமாகக் கெட்டியாக ஓடு கட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினார், பொறுக்குப் பொறுக்காகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. பக்கத்தில் மெல்லிசாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. "இதுதானுங்க ஆனோடு ராடு. மக்னீசியம். டேங்க் துருப்பிடிக்காம இருக்கறதுக்காக இது கரையுமுங்க. உங்களுது மொத்தமாக் கரைஞ்சு போச்சு, நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம்" என்றார். உப்புத் தண்ணீர் இருக்கும் வீடுகளில் இந்த ராடை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து மாற்ற வேண்டும். எங்களுக்கு விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முன்னாடி வாங்கினவர் யாராவது "இரண்டாம் வருஷம் ராடு மாற்றினேன், இவ்வளவு ஆச்சு" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை வீட்டு டேங்குகள் பிழைத்திருக்கும்!

இன்னொரு கொடுமை. ஒரே மாடலுக்கு ஒருவர் "ஆறு மாசத்தில் போய்விட்டது, வாங்காதீர்கள்" என்கிறார். அடுத்தவர் "ஐந்து வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை" என்கிறார். இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலாமவர் வீட்டில் போர் தண்ணீர், அடுத்தவர் வீட்டில் உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை விடுகிறது. நம் ஊர்ப்பக்கம் அதையும் தாண்டும் போர்வெல்கள் உண்டு. ஆக, என்ன தண்ணீர் என்ற ஒரு வரி இல்லாமல் அந்த இரண்டு விமர்சனமும் படிக்கிறவனுக்கு வீண். சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியைத்தான் யாரும் சொல்வதில்லை.

பொருளின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மின்சாரச் சிக்கனத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பிஇஇ கொடுப்பது. சுட்ட தண்ணீர் டேங்கில் சும்மா இருக்கும்போது ஒரு நாளில் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதற்கான அளவு. உழைக்குமா, லீக் ஆகுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உழைக்குமா என்பதை உபயோகித்தவர்தான் சொல்ல முடியும்.

அதனால்தான் எனக்கு விற்கிறவர்கள் மேல் இருப்பதைவிட நம் மேல் கோபம் அதிகம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் "ஹீட்டர் எது நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். மளமளவென்று கொட்டும். "அது மட்டும் வேண்டாங்க, வெல்டிங்ல லீக்." "சர்வீஸுக்குப் போன் போட்டுப் போட்டு வெறுத்துட்டேன்." "இலவசமா மாட்டித் தரேன்னு சொல்லிட்டு, பைப்புக்கும் வால்வுக்கும் தனியா வாங்கிட்டாங்க." அத்தனையும் பட்டுத் தெரிந்துகொண்டது, காசு கொடுத்தாலும் கிடைக்காத தகவல். சரி, இதை வாங்கின இடத்தில் எழுதினீர்களா என்று கேட்டால், "அதுக்கெல்லாம் எங்கங்க நேரம்?" குழுவில் தட்ட நேரம் இருந்ததே! அதே நாலு வரியைக் காப்பி எடுத்து அங்கே ஒட்ட ஒரு நிமிஷம் ஆகுமா? நம் பிளாக்கில் இருக்கிறவர்கள் தப்பித்தால் போதும், திருப்பூரிலும் தாம்பரத்திலும் அதே ஹீட்டரை வாங்கப் போகிறவர்கள் எக்கேடும் கெடட்டும் என்றா விடுவது?

பொருளை விற்கும் ஆப்களும் லேசுப்பட்டவை இல்லை. பொருள் வந்து இறங்கியதுமே "உங்கள் அனுபவம் எப்படி?" என்று நச்சரிக்கும். அப்போது நமக்கு இருக்கும் அனுபவம் அட்டைப்பெட்டி மட்டும்தான். ஒரு வருஷம் கழித்தோ, வாரண்டி முடிகிற நேரத்திலோ, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டியதுதானே? எனக்கு ஒரு தடவைகூட அப்படிக் கேட்டு வந்ததில்லை. இதில் இன்னொரு தில்லுமுல்லு: 3 லிட்டர் இன்ஸ்டன்ட், 15 லிட்டர், 25 லிட்டர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டு, விமர்சனங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். சமையலறை சிங்க்குக்கு வாங்கிய 3 லிட்டருக்கு விழுந்த ஸ்டாரைப் பார்த்து நாம் 25 லிட்டரை வாங்குகிறோம்.

பெட்டிக்குள் வரும் அந்த அட்டையைப் பார்த்திருப்பீர்கள். "5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், 100 ரூபாய் கேஷ்பேக்." நம்மை அவர்கள் மதிக்கும் விலை 100 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு ஐந்து ஸ்டார் போட்டவர்களைப் பார்த்துக் கேட்கிறேன், உங்களை நம்பிப் பத்தாயிரம் ரூபாயைப் போடுகிற ஒரு குடும்பம் இருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தீர்களா? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்கள் அவர்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சர்வீஸ் விஷயத்தில் நடப்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. டெக்னீஷியன் ஒரு பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெயிலில் பைக்கில் அலைந்து வந்திருந்தான். வேலை அரைகுறையாகத்தான் முடிந்தது, வேண்டிய பார்ட் அவன் கையில் இல்லை. கம்பெனி கொடுத்தனுப்பவில்லை. ஆனாலும் வேலை முடிந்ததாகக் காட்ட என் மொபைலுக்கு வந்த கோட் நம்பரைக் கேட்டான். கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணா, அஞ்சு ஸ்டார் போட்டுடுங்ணா. நாலு போட்டாக்கூட எனக்கு இன்சென்டிவ் கட் பண்ணிடுவாங்கண்ணா." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் இரண்டு ஸ்டார் போட முடியும்? போட முடியாது என்பது கம்பெனிக்குத் தெரியும். பார்ட் ஸ்டாக் வைக்காதது அவர்கள், கம்ப்ளெயின்ட் கொடுத்தவரை நாள் கணக்கில் காக்க வைத்தது அவர்கள். பழியை மட்டும் அந்தப் பையன் தலையில் கட்டி, நம் இரக்கத்தைப் பிடுங்கி, "எங்கள் சர்வீஸ் 4.8" என்று விளம்பரம் போட்டுக்கொள்கிறார்கள். இது அநியாயம். பையனுக்கு ஐந்து ஸ்டார் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதே கையோடு, பொருளை வாங்கிய பக்கத்துக்குப் போய், "ஆள் நல்லவர், கம்பெனி பார்ட் அனுப்பவில்லை, இத்தனை நாள் காத்திருந்தோம்" என்று எழுதிவிடுங்கள். அங்கே எழுதினால் அவன் இன்சென்டிவில் யாரும் கை வைக்க முடியாது.

குறையை எழுதினால் வெளியே தெரியாமல் நீக்கிவிடுகிறார்கள் என்று சிலர் சொல்வதும் நிஜம்தான். அமெரிக்காவில் ஃபேஷன் நோவா என்ற துணி விற்பனை நிறுவனம் நான்கு, ஐந்து ஸ்டார் விமர்சனங்களை மட்டும் உடனே வெளியிட்டு, அதற்குக் குறைந்தவற்றை நிறுத்தி வைத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022-இல் அந்த நிறுவனம் 42 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2024 அக்டோபரில் அங்கே வந்த விதி, நல்லதாக எழுதினால்தான் காசு என்று ஆசை காட்டுவதையே தடை செய்கிறது. நம் பெட்டிக்குள் வரும் அட்டை அங்கே போனால் அபராதம்!

நம் நாட்டில்? 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டார்கள். எழுதுகிறவர் நிஜமான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தைப் போடக் கூடாது என்று அதில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் விருப்பமுள்ள நிறுவனம் பின்பற்றலாம் என்றுதான் கொண்டுவந்தார்கள். விருப்பம் யாருக்கு வரும்? கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

"நமக்கெதுக்கு வம்பு, கேஸ் போட்டுவிட்டால்?" என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறைப் பற்றிப் பேசுகிறது. பொது நன்மைக்காக உண்மையைச் சொல்வது அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கும் அதிலேயே இருக்கிறது. "முதலாளி திருடன்" என்று எழுதாதீர்கள். "இந்தத் தேதியில் வாங்கினேன், இந்தத் தேதியில் டேங்க் லீக் ஆனது, இத்தனை தடவை கம்ப்ளெயின்ட் கொடுத்தேன்" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். பில்லும் கம்ப்ளெயின்ட் நம்பரும் கையில் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்டாரை எடுத்துவிடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று போன் வந்தால், பணம் உங்கள் உரிமை, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் விமர்சனத்தை அழிக்காதீர்கள். கீழே "இத்தனை மாதம் கழித்துப் பணம் கொடுத்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

குறை மட்டும் எழுதச் சொல்லவில்லை. ஏழு வருஷமாக ஒரு ஹீட்டர் உங்கள் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடிக்கொண்டிருக்கிறதா? அதை எழுதாமல் இருப்பதும் எனக்குச் செய்யும் துரோகம்தான். நல்ல பொருள் செய்கிறவன் விளம்பரத்துக்குக் காசில்லாமல் மூலையில் கிடக்கிறான், அவனை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதே மாதிரி, கூரியர்காரர் இரண்டு நாள் தாமதமாக வந்தார் என்பதற்காக ஹீட்டருக்கு ஒரு ஸ்டார் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பழைய ஆர்டர்கள் எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கின்றன. 2021-இல் வாங்கினதைக்கூடத் தேடி எடுக்கலாம், அப்போது அவசரத்தில் போட்ட ஐந்து ஸ்டாரைத் திருத்தவும் பெரும்பாலான ஆப்களில் வழி உண்டு. இன்றைக்கே திறந்து எழுதுங்கள். எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறீர்கள், மாட்டி எத்தனை வருஷம், எலிமென்ட் எப்போது மாற்றினீர்கள், ராடு மாற்றினீர்களா, சர்வீஸுக்கு எவ்வளவு வாங்கினார்கள். தமிழிலேயே எழுதுங்கள், வாங்கப் போகிற நாங்கள் தமிழிலும் படிப்போம். முடிந்தால் கழற்றிய எலிமென்ட்டை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். போர் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.