கத்தோலிக்கரும் தகனமும்: ஒரு திருத்தம்

‘கத்தோலிக்கர் உடலை எரித்தால் திருப்பலியும் (பூசையும்) கிடையாது, சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) இடமும் கிடையாது’ என்று ஒருவர் உறுதியாக எழுதியிருப்பது, இன்று நடைமுறையிலுள்ள விதி அல்ல. 1886இல் திருச்சபை தகனத்தைத் தடைசெய்தது உண்மைதான். ஆனால் அத்தடை 1963இலேயே தளர்த்தப்பட்டது. அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்பிப் பரிந்துரைக்கிறது என்றாலும், கிறிஸ்தவப் போதனைக்கு முரணான காரணத்துக்காகத் தெரிவுசெய்யப்பட்டாலன்றித் தகனம் தடையில்லை என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தெளிவாகக் கூறுகிறது. நமது மூத்தவர்கள் பலர் பழைய தடையை நினைவில் வைத்துப் பேசுவதால் இக்குழப்பம் நீடிக்கிறதென எண்ணுகிறேன்.

கட்டுப்பாடு இருப்பது சாம்பலில்தான். 2016ஆம் ஆண்டு வத்திக்கான் அறிவுறுத்தலின்படி அதைக் காற்றிலோ கடலிலோ தூவக்கூடாது. சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்கவேண்டும். ஆகவே, சாம்பலை யாழ்ப்பாணக் கடலோரத்திலுள்ள ‘கீரிமலையில் கரைத்துவிடுங்கள்’ என்று இன்னொருவர் கூறியிருப்பது சைவர்களுக்குப் பொருந்துமே தவிர, இங்கே பொருந்தாது.

கனடாவில் இறந்த என் பெரியம்மாவின் சாம்பல், செருப்புப் பெட்டியளவான ஒரு மரப்பேழையில், மகனின் கைப்பையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பங்குத்தந்தை திருப்பலி ஒப்புக்கொடுத்து, சாம்பலை ஆசீர்வதித்த பின், அம்மம்மாவின் கல்லறையோரம் முழங்கையளவு ஆழத்தில் தோண்டி அதனை வைத்தோம். இவ்வாறு செய்ய எண்ணுவோர், பிள்ளைகள் விமானமேறுமுன்னரே தங்கள் பங்குத்தந்தையுடன் பேசிவிடுவது நல்லது.